மங்கல் ஜோடிக்குப் பிறந்த பச்சைக் குஞ்சுகள்

தென் ஆஸ்திரேலியாவின் மூண்டா ஊரில், பட்ஜி என்னும் சின்னக் கிளிகளை வளர்ப்பவர்களுக்கு ஒரு கழகம் உண்டு. அந்த மூண்டா பட்ஜிக் கழகத்தின் மாத இதழில் கடைசிப் பக்கம் ரோவீனா பென்ஹேலுடையது. முன்னால் உள்ள ஏழு பக்கங்களில் கண்காட்சி முடிவுகள், தினை எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்ற தகவல், பேன் மருந்து, தலைவர் லெஸ் நான்கிவெல் எழுதும் நீளமான தலையங்கம் எல்லாம் இருக்கும். வாசகர்களில் பாதிப் பேர் அவற்றைப் புரட்டித் தள்ளிவிட்டு நேரே கடைசிப் பக்கத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கேதான் ரோவீனாவின் படப்புதிர்.

மேல் வரிசையில் மூன்று ஜோடிக் கிளிகள். கீழ் வரிசையில் மூன்று கூடுகள், கூடு நிறையக் குஞ்சுகள். எந்தக் கூடு எந்த ஜோடியுடையது என்று கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். சைக்ளோஸ்டைலில் வண்ணம் வராது என்பதால் புள்ளி வைத்த உடம்பு பச்சை, கோடு போட்ட உடம்பு நீலம், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டால் மங்கல் என்று வைத்திருந்தாள். மங்கல் என்பது கழகத்தார் வைத்த பெயர். கறுப்பு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு வரிகளும், சாயம் போன துணி மாதிரி உடம்பும், சிவந்த கண்ணும் உள்ள கிளி அது.

படத்துக்குக் கீழே விதிகள் நாலைந்து வரியில் இருக்கும். ஒவ்வொரு குஞ்சும் அப்பாவிடமிருந்து ஒரு சீட்டு, அம்மாவிடமிருந்து ஒரு சீட்டு வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது. பச்சைச் சீட்டு ஒன்று இருந்தாலே கிளி பச்சை. நீலமாக வேண்டுமென்றால் இரண்டும் நீலச் சீட்டாக இருக்க வேண்டும். ஆகவே பச்சைக்குள் நீலம் ஒளிந்திருக்கலாம், நீலத்துக்குள் பச்சை ஒளிய முடியாது. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஊரே ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொள்ளும்.

ரோவீனாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தொழில், பெயர்ப்பலகை எழுதுவது. கடைத்தெருவில் கசாப்புக்கடையிலிருந்து மருந்துக்கடை வரைக்கும் அவள் கை எழுத்துதான். கிளி வளர்க்கத் தொடங்கி நாலு வருடம்தான் ஆகியிருந்தது. கழகத்தில் அது ஒரு வயதே இல்லை. ஆனாலும் அவள் வரைந்தால் கிளி கிளியாகவே இருக்கும் என்பதால் லெஸ் கடைசிப் பக்கத்தை அவளிடம் விட்டிருந்தார். அடுத்த வருடம் கழகத்தின் பதிவேட்டையும் அவளிடம் கொடுக்கப்போவதாகப் பேச்சு. எந்தக் குஞ்சு எந்த ஜோடிக்கு எந்த நாளில் பிறந்தது என்று எல்லார் வீட்டுக் கிளிகளையும் குறித்து வைக்கும் தடித்த புத்தகம் அது. கையெழுத்து அழகாக இருப்பவரைவிட, பொய் எழுதாதவர் கையில் இருக்க வேண்டும் என்பார்கள்.

எண்பத்து நான்காம் வருடம் அக்டோபர் இதழில் பதினேழாவது புதிர் வந்தது. ரோவீனா எப்போதும் தன் கொட்டகையில் உள்ள கிளிகளையே பார்த்து வரைவாள். அந்தமுறையும் அப்படித்தான். முதல் ஜோடி, இரண்டும் மங்கல். அந்த வருடம்தான் புதிதாக வாங்கியவை. இரண்டாவது ஜோடியில் ஒன்று பச்சை, ஒன்று நீலம். மூன்றாவது ஜோடி இரண்டும் நீலம். கீழே கூடுகள்: முதல் கூட்டில் நாலும் பச்சை, இரண்டாவதில் பச்சையும் நீலமும் கலந்து, மூன்றாவதில் முழுக்க நீலம். ஜூலையில் அவள் கூட்டுப் பெட்டிகளைத் திறந்தபோது என்ன இருந்ததோ அதுவே.

நவம்பர் கூட்டத்தில் லெஸ் எழுந்தார். அறுபதைத் தொட்ட மனிதர், உயரம் குறைவு, குரல் பெரிது.

"ரோவீனா, உன் பதினேழாவது புதிரை ரெண்டு நாள் போட்டுப் பார்த்தேன். விடை வரல."

"வருமே லெஸ். நீலமும் நீலமும் சேர்ந்தா நீலம் மட்டுந்தான், அது மூணாவது கூடு. கலந்த கூடு, கலந்த ஜோடிக்கு. மிச்சம் இருக்கிற ஜோடிக்கு மிச்சம் இருக்கிற கூடு."

"அந்த மிச்சந்தான் என் தொண்டையில நிக்குது. மங்கல் ஆகணும்னா ரெண்டு சீட்டும் மங்கலா இருக்கணும். அப்பனுக்கும் மங்கல் சீட்டைத் தவிர வேற இல்ல, ஆத்தாளுக்கும் இல்ல. பிள்ளைக்கு எங்கேருந்து பச்சை வந்துச்சு? கடையில வாங்கினதா?"

கூடத்தில் சிரிப்பு. பின்வரிசையில் யாரோ, "பக்கத்துக் கூண்டுக்காரனைக் கேளு!" என்று குரல் கொடுக்க, சிரிப்பு இன்னும் பெரிதானது.

ரோவீனாவும் சிரித்துவைத்தாள். "என் கொட்டகையில அப்படித்தான் பிறந்துச்சு. பெட்டையை ஜோடி சேர்க்கிறதுக்கு முன்னாடி ஆறு வாரம் தனியாத்தான் வச்சிருந்தேன்."

"கதவை யாரு பார்த்தா?" என்றார் லெஸ். "முப்பத்தோரு வருஷமா வளர்க்கிறேன் ரோவீனா. மங்கலுக்கு மங்கல்தான் பிறக்கும். ஒண்ணு உன் கதவுல ஓட்டை, இல்ல உன் நோட்டுல ஓட்டை."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

கூட்டம் முடிந்து தேநீருக்கு நிற்கையில் லெஸ் அவளிடம் தனியாக வந்தார். கெட்ட எண்ணம் இல்லாத முகத்தோடேயே, "பதிவேட்டை இந்த வருஷமும் நானே பார்த்துக்கிறேன். உனக்கும் பலகை வேலை நிறைய இருக்கே," என்றார். டிசம்பர் இதழ் வந்தபோது கடைசிப் பக்கத்தின் மூலையில், அவளைக் கேட்காமலே, ஒரு கட்டம் கட்டியிருந்தது: 'திருத்தம். அக்டோபர் புதிர் தவறானது. வாசகர்கள் மன்னிக்கவும்.'

அன்று மாலை கணவன் கெல்வின் வேலையிலிருந்து வந்தபோது ரோவீனா சமையலறை மேசையில் தன் கூட்டு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெல்வின் வாலரூ துறைமுகத்துக் களஞ்சியத்துக்குக் கோதுமை லாரி ஓட்டுபவன். அறுவடைக் காலம், காதுக்குள்ளேயும் தூசி.

"திரும்பவும் அதையேதான் பார்த்துட்டிருக்கியா ரோ?"

"ஜூலை ஒன்பது, ரெண்டு குஞ்சு. பதினொண்ணு, ஒண்ணு. பதிமூணு, ஒண்ணு. என் கையாலதான் எழுதியிருக்கேன் கெல். நான் என்ன தூக்கத்துல எழுதினேனா?"

"லெஸ் கிடக்கான் விடு. தலையங்கத்துல எழுத்துப்பிழை இல்லாம ஒரு மாசம் போட்டிருக்கானா அவன்?"

"அது வேற. அவன் என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டான்."

"பொய்க்காரின்னு சொல்லலையே. கவனமில்லாதவள்னு சொன்னான்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள். ஜனவரிப் புதிரை அவள் வரையவில்லை. கடைசிப் பக்கத்தில் லெஸ் பேன் மருந்தைப் பற்றி இன்னொரு கட்டுரை போட்டார்.

ஜனவரி நடுவில், நாற்பத்து மூன்று டிகிரி கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பகலில் ஒரு கடிதம் வந்தது. நேரான, இறுக்கமான கையெழுத்து. எழுதியவர் ஹில்டா நோஸ்கே, வாலரூ களஞ்சியத்தின் மாதிரிச் சோதனைக் கொட்டகை.

'திருமதி பென்ஹேல் அவர்களுக்கு. நான் கிளி வளர்ப்பவள் அல்ல. எனக்குக் கிளிகள் ஒத்துக்கொள்ளாது. உங்கள் கணவர் தன் மதிய உணவுப் பாஸ்டியைச் சுற்றிக்கொண்டு வந்த தாளில் உங்கள் புதிரைப் பார்த்தேன். லாரிகள் வராத நேரத்தில் போட்டு முடித்தேன். நன்றாக இருந்தது. பிறகு வந்த தாளில் அது தவறு என்று போட்டிருக்கிறீர்கள். ஏன்? விடை சரியாகத்தானே வருகிறது? முதல் ஜோடியை நீங்கள் வேண்டுமென்றே இரண்டு விதமாக வரைந்திருக்கிறீர்கள். அதுதான் துப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆணின் கண்ணில் வளையம் இருக்கிறது, பெண்ணின் கண்ணில் இல்லை. அப்படியானால் அவை ஒரே மங்கல் அல்ல, இரண்டு வேறு மங்கல். நான் புரிந்துகொண்டது தவறென்றால் தெரிவிக்கவும்.'

ரோவீனா கடிதத்தை நின்றபடியே மூன்று முறை படித்தாள். அப்புறம் அக்டோபர் இதழைத் தேடி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மிளகுப் பிரமாணத்தில் இருந்தது கிளியின் கண். ஆணுக்கு அதற்குள் இன்னொரு சின்ன வட்டம். பெட்டைக்கு வெறும் ஒரே வட்டம். வரைந்ததே அவளுக்கு நினைவில்லை. பார்த்ததைக் கை அப்படியே போட்டிருக்கிறது. எழுத்து வரையும் கைக்கு எதிரில் இருப்பதைக் கூட்டவும் குறைக்கவும் தெரியாது.

தாளை அப்படியே எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். ஈரச் சாக்குத் தொங்கவிட்ட கூண்டுக்குள் ஆண் மங்கல் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவந்த கண், சுற்றிலும் நூல் மாதிரி வெள்ளை வளையம். பெட்டையைப் பிடித்தாள். அது விரலைக் கடித்தது. ஒரே சிவப்பு. வளையம் இல்லை. இத்தனை மாதமாகத் தினமும் தண்ணீர் வைக்கும்போது பார்த்த கண்கள்.

மறுநாள் கெல்வினின் லாரியிலேயே ஏறி வாலரூ போனாள். மாதிரிக் கொட்டகை என்பது ஒரு தகர அறை, ஒரு மேசை, ஒரு லென்ஸ். லாரிகளிலிருந்து குத்தி எடுத்த கோதுமையைத் தட்டில் கொட்டி, எந்த ரகம், எவ்வளவு கலப்படம், முளைத்த மணி எத்தனை என்று பார்ப்பது ஹில்டாவின் வேலை. ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். பரோசா பள்ளத்தாக்குப் பக்கத்து ஜெர்மன் குடும்பம், இரும்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. எழுந்து நிற்காமலே கை கொடுத்தாள்.

"கோபிச்சுக்க வந்திருக்கீங்களா?"

"இல்ல மிஸஸ் நோஸ்கே. கேக்க வந்திருக்கேன். அந்த வளையத்தை நான் வேணும்னு போடல. எனக்கே தெரியாது."

ஹில்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "தெரியாம வரைஞ்சீங்களா? அப்ப நான் வெட்டியா உங்க புத்திசாலித்தனத்தைப் பாராட்டிட்டிருந்திருக்கேன்."

கெல்வின் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். ஹில்டா அவனைப் பார்த்த பார்வையில் லாரியை எடுக்கப் போய்விட்டான்.

"ரெண்டு வேற மங்கல்னு சொன்னீங்களே," என்றாள் ரோவீனா. "வேறன்னா என்ன? எப்படி ரெண்டும் சேர்ந்து பச்சை ஆகும்?"

ஹில்டா கொஞ்சம் யோசித்தாள். "எங்க வீட்டுல ஒரு தேன் ரொட்டி உண்டு. எங்கம்மாகிட்ட அதோட குறிப்பு ஒரு பிரதி, பெரியம்மாகிட்ட ஒரு பிரதி. அம்மா பிரதியில மாவு பிசையுற பக்கம் கிழிஞ்சுபோச்சு. பெரியம்மா பிரதியில அடுப்புல வைக்கிற பக்கத்துல மை கொட்டிடுச்சு. அதனால ரெண்டு பேரு ரொட்டியும் கல்லுதான். பார்க்க ஒரே மாதிரி கல்லு. ரெண்டு பிரதியும் என் கைக்கு வந்துச்சு. இங்க இல்லாத பக்கம் அங்க இருக்கு, அங்க இல்லாதது இங்க இருக்கு. என் ரொட்டி நல்லா வந்துச்சு."

ரோவீனா மேசைமேல் இருந்த கோதுமைத் தட்டைப் பார்த்துக்கொண்டே, உதடு மட்டும் அசைய எதையோ கணக்குப் போட்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்படின்னா அந்த நாலு பச்சைக் குஞ்சும் ரெண்டு கிழிசலையும் உள்ள வச்சிருக்கு."

"இருக்கணும்."

"ஒரு பச்சை மகளைத் திரும்ப அப்பாவோட சேர்த்தா? பாதிக் குஞ்சு மங்கலாப் பிறக்கணும். எல்லாத்துக்கும் அப்பா மாதிரி வளையம் இருக்கணும். ஒண்ணுகூட வளையம் இல்லாம பிறக்கக் கூடாது."

"பச்சை மகனை அம்மாவோட சேர்த்தா நேர்மாறு," என்றாள் ஹில்டா. குரலில் முதல் முறையாக ஒரு துடிப்பு. "சேர்த்துப் பார்க்க முடியுமா? கிளிக்கு எத்தனை நாளாகும்?"

"குஞ்சுகளுக்கு வயசு வரணும். மே மாசம் ஆயிடும்."

"நான் எங்கயும் போகல," என்றாள் ஹில்டா.

ஊருக்குத் திரும்பியதும் ரோவீனா நேராக லெஸ்ஸின் வீட்டுக் கதவைத் தட்டினாள். கடிதத்தைக் காட்டினாள். லெஸ் அதைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "கோதுமைக்காரி வந்து கிளி சொல்லிக்கொடுக்கிறாளா நமக்கு?" என்றார்.

"நம்ப வேண்டாம். வந்து காவல் இரு. முதல்ல அதே மங்கல் ஜோடியை இன்னொரு தடவை சேர்க்கிறேன். கொட்டகையில இல்ல, வீட்டுக்குள்ள, துணி துவைக்கிற அறையில. வேற கிளியே கிடையாது. கூண்டுக் கதவுக்கு நீயே முத்திரை வை."

அதை லெஸ் மறுக்க முடியவில்லை. மறுநாளே வந்தார், கையில் கம்பியும் அரக்கும் எடுத்துக்கொண்டு. கூண்டுக் கதவைக் கம்பியால் கட்டி, முடிச்சின்மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் அழுத்தினார். தண்ணீரும் தினையும் சின்னத் துவாரம் வழியாகத்தான். கூட்டுப் பெட்டியின் மூடிக்கும் ஒரு முத்திரை. அதை ஞாயிற்றுக்கிழமை தோறும் தானே வந்து உடைத்துப் பார்த்து, தானே மறுபடி ஒட்டினார். வரும் நேரம் எப்படியோ இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்து ரோவீனா சுடும் பாஸ்டி அடுப்பிலிருந்து இறங்கும் நேரமாகவே அமைந்தது.

"காவல்காரனுக்குச் சாப்பாடு போடுறது சட்டமா?" என்று கெல்வின் கேட்பான்.

"நியாயத்துக்குப் பசிக்கும்பா," என்பார் லெஸ், இரண்டாவதை எடுத்துக்கொண்டே.

ஐந்து முட்டை. பதினெட்டாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொரிந்தன, ஒன்று கூமுட்டை. அந்த ஞாயிறு ஹில்டாவும் வந்திருந்தாள். கிளி அறைக்கு வெளியே, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். லெஸ் முத்திரையை உடைத்து, இறகு முளைக்காத குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் வைத்தார். கண் திறக்காத குஞ்சுதான். ஆனால் மங்கல் என்றால் இமைத் தோலுக்கு அடியில் கண் சிவப்பாகத் தெரியும், மற்றதென்றால் கறுப்பாக. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

லெஸ் வெகுநேரம் பார்த்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை. நாலாவதை.

"என்ன நிறம்?" என்றாள் ஹில்டா வாசலிலிருந்து.

"கறுப்பு," என்றார் லெஸ். "நாலும் கறுப்பு."

ஹில்டா தும்மினாள். தொடர்ந்து ஏழு முறை. கடைசித் தும்மல் முடிந்தபோது லெஸ் இன்னும் அந்தக் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தார். பெட்டை கூட்டுக்குள்ளிருந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தது.

"அரக்கு உடையல," என்று தனக்குத்தானே சொன்னார். "மோதிரம் என்னோடது. வீட்டுல வேற கிளி இல்ல." பிறகு ரோவீனாவைப் பார்த்தார். "உன் நோட்டுல ஓட்டை இல்ல."

"கதவுலயும் இல்ல," என்றாள் அவள்.

அவள் நினைத்திருந்த அளவு அந்த வெற்றி இனிக்கவில்லை. ஏனென்றால் இப்போது அவளுக்கு வேண்டியது லெஸ் ஒப்புக்கொள்வதல்ல. ஹில்டா சொன்னது சரிதானா என்று தெரிய வேண்டும். கதவு சரி, நோட்டு சரி என்றால் பச்சை எங்கிருந்தோ வந்திருக்கிறது. கிழிந்த பக்கக் கதை அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாதே. மே மாதம் வரை அவள் நாள் எண்ணினாள். பலகை எழுதப் போன இடத்திலும் யோசனை அதுதான். ரொட்டிக் கடைக்காரர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, ஏணியில் மறுபடி ஏற வேண்டியதாயிற்று.

குளிர் தொடங்கியபோது இரண்டு ஜோடிகளையும் சேர்த்தாள்: அப்பாவோடு மகள், அம்மாவோடு மகன். கிளிகளுக்கு அதில் கூச்சம் இல்லை. லெஸ்தான் கூசினார். "ஞாயித்துக்கிழமை கோவிலுக்குப் போயிட்டு வந்து இதைப் பார்க்க வேண்டியிருக்கு," என்றார். ஆனால் வராமல் இருக்கவில்லை.

அப்பா கூட்டில் ஆறு குஞ்சு. நாலுக்குச் சிவப்புக் கண், இரண்டுக்குக் கறுப்பு. அம்மா கூட்டில் ஐந்து. இரண்டு சிவப்பு, மூன்று கறுப்பு. சரிபாதி இல்லை, ஆனால் ஆறையும் ஐந்தையும் வைத்துக்கொண்டு சரிபாதி கேட்பது, ஆறு முறை காசு சுண்டி மூன்று தலை கேட்பது மாதிரிதான் என்று ஹில்டா சொன்னாள். மங்கல் பிறக்கிறது என்பது நிச்சயம். வளையம் மட்டும் பாக்கி. குஞ்சுக் கண்ணில் வளையம் தெரியாது. அது வர மூன்று நாலு மாதம் ஆகும்.

அந்த மாதங்களில் ஹில்டா ஞாயிறுதோறும் வருவது வழக்கமாகிவிட்டது. ஒருமுறை துறைமுகப் படகுத்துறையில் பிடித்த நீலநண்டு ஒரு வாளி கொண்டுவந்தாள். சமையலறை மேசையைவிட்டு நகராமல், அடுத்து என்ன புதிர் போடலாம் என்று இரண்டு பேரும் தாள் தாளாகக் கிறுக்கினார்கள். ஹில்டாவுக்கு வரைய வராது. அவள் கிளிகள் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன. ஆனால் ரோவீனா போட்ட எந்தப் புதிரிலும் இரண்டாவது விடை ஒளிந்திருந்தால் அதை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவாள்.

"இந்த ரெண்டாவது கூடு ரெண்டு ஜோடிக்குமே பொருந்துது. ஒரு நீலத்தைச் சேரு."

"ஏன், ரெண்டு விடை இருந்தா என்ன?"

"இருந்தா அது புதிர் இல்ல. வம்பு."

அக்டோபரில், பதினேழாம் புதிர் வெளியாகிச் சரியாக ஒரு வருடம் கழித்து, லெஸ் வந்தார். ஹில்டா தன் கோதுமை லென்ஸைக் கொண்டுவந்திருந்தாள். மங்கல்கள் ஆறும் வளர்ந்து, தனித்தனிச் சின்னக் கூண்டுகளில் மேசைமேல் வரிசையாக நின்றன. எது எந்தக் கூட்டில் பிறந்தது என்பதை ரோவீனா சீட்டில் எழுதி, ஒவ்வொரு கூண்டிலும் கவிழ்த்து ஒட்டி வைத்திருந்தாள். கூண்டுகளின் வரிசையையும் கெல்வினிடம் கலைத்துப்போடச் சொல்லியிருந்தாள். லெஸ் லென்ஸை வாங்கி, ஒவ்வொரு கிளியின் கண்ணுக்கு நேராகக் குனிந்தார்.

"வளையம்."

ஹில்டா எழுதிக்கொண்டாள்.

"வளையம்… இதுக்கு இல்ல. கொஞ்சம் இரு, திரும்ப மாட்டேங்குது சனியன். இல்ல, வளையம் இல்ல. இது வளையம். இதுவும் வளையம். கடைசி… இல்ல."

நாலு வளையம், இரண்டு வெறுங்கண். ரோவீனா சீட்டுகளைத் திருப்பினாள். வளையம் உள்ள நாலும் அப்பா கூட்டுக் குஞ்சுகள். இல்லாத இரண்டும் அம்மா கூடு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

ரோவீனா ஒவ்வொரு சீட்டையும் இன்னொரு முறை படித்தாள். கிளிக்குள்ளே யாரும் பார்க்க முடியாத இடத்தில், ஊசிமுனையைவிடச் சின்னதாக எங்கோ இரண்டு பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. அது வேறு இடம், இது வேறு இடம். அதைத் தகர அறையில் உட்கார்ந்து, கிளியையே பார்க்காமல், ஒரு பழைய தாளை வைத்து இந்த மனுஷி சொல்லியிருக்கிறாள்.

"முப்பத்திரண்டு வருஷம்," என்றார் லெஸ். "ஒரு மங்கல் கண்ணைக்கூட நான் நேராப் பார்த்ததில்லைன்னு ஆகுது."

"நானும் பார்க்கலையே லெஸ்," என்றாள் ரோவீனா. "கைதான் பார்த்துச்சு."

"இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். என் அரக்கு இல்லாம இருந்திருந்தா இதை ஒரு பய நம்பியிருக்க மாட்டான்."

"பாஸ்டி இல்லாம இருந்திருந்தா அரக்கு வந்திருக்காது," என்றான் கெல்வின்.

அடுத்த இதழின் தலையங்கம் வழக்கத்தைவிட நீளம். அதில் பாதி முத்திரை வைக்கும் முறையைப் பற்றி. ஆனால் முதல் வரியிலேயே, 'சென்ற ஆண்டு வெளியான திருத்தம் தவறு, புதிர் சரி, தவறு என்னுடையது' என்று லெஸ் எழுதியிருந்தார். கூட்டத்தில் பதிவேட்டைக் கொண்டுவந்து ரோவீனாவின் மடியில் தொப்பென்று வைத்துவிட்டு, தேநீர் ஊற்றிக்கொள்ளப் போனார்.

ரோவீனா பதிவேட்டை அன்று மாலை திறந்து, பழைய பக்கங்களைப் புரட்டினாள். முப்பது வருடத்தில் இரண்டு இடங்களில், மங்கல் ஜோடிக்குப் பச்சைக் குஞ்சு என்று யாரோ எழுதி, மேலே கோடு போட்டு அடித்திருந்தார்கள். ஒன்றின் ஓரத்தில் 'கவனக்குறைவு' என்று இருந்தது. அந்த ஜோடியை வளர்த்தவரின் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. பேனாவை எடுத்து, அடித்த வரிக்குப் பக்கத்தில் 'சரியாக இருக்கலாம்' என்று எழுதிவைத்தாள்.

ஹில்டாவுக்கு வேறு ஒரு யோசனை வந்திருந்தது. "பச்சை அண்ணனையும் பச்சைத் தங்கையையும் சேர்த்தா, பதினாறுல ஒண்ணு ரெண்டு கிழிசலையும் ரெண்டு ரெண்டா வாங்கும். அப்பா மங்கலும் அதுதான், அம்மா மங்கலும் அதுதான். அதோட கண்ணு எப்படி இருக்கும்?"

ரோவீனா உதட்டைப் பிதுக்கினாள். "தெரியலையே."

"லெஸ்ஸுக்கு?"

"யாருக்குமே தெரியாதுன்னு நினைக்கிறேன்."

அதையே புதிராகப் போட்டார்கள். மேலே ஒரு பச்சை ஜோடி. கீழே ஒரே ஒரு கூடு, பதினாறு குஞ்சு. பதினைந்தை ரோவீனா வரைந்திருந்தாள். பதினாறாவதுக்கு உடம்பும் முகமும் மட்டும் இருந்தன, கண் இருக்க வேண்டிய இடம் வெள்ளை. 'இதன் விடை, புதிர் போட்டவர்களுக்கும் தெரியாது' என்று ஹில்டா வற்புறுத்தி எழுதவைத்தாள். அதைப் போடுவதா வேண்டாமா என்று லெஸ் இரண்டு நாள் தவித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினார்.

மூன்று வாரத்தில் நாற்பத்தொரு கடிதம். பாதிக்கு மேல் கழகத்துக்கே வெளியே இருந்து. ஒரு பல் வைத்தியர், கடைனா ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருத்தி, அடிலெய்டிலிருந்து கிளியே பார்த்திராத தையற்காரர் ஒருவர். எல்லாரும் வெள்ளை இடத்தில் ஒரு கண் வரைந்து அனுப்பியிருந்தார்கள். ரோவீனாவும் ஹில்டாவும் சமையலறை மேசையில் அவற்றைப் பிரித்து, வளையம் ஒரு பக்கம், வளையம் இல்லாதது ஒரு பக்கம் என்று அடுக்கினார்கள். ஒரு கடிதம் மூன்று பக்கம் நீளம், எழுத்துப்பிழைகளோடு. அடியில் ஒரு கிளி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது: ஒரு கண்ணில் வளையம், மறு கண்ணில் இல்லை.

"இது லெஸ்ஸோட கையெழுத்தாச்சே," என்றாள் ரோவீனா.

ஹில்டா அதை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். "கிண்டல் பண்றாரா, நிஜமாத்தான் சொல்றாரா?"

"அது அவருக்கே தெரிஞ்சிருக்காது."

ஹில்டா கடிதத்தை இரண்டு அடுக்குக்கும் நடுவில், தனியாக வைத்தாள்.